பலா மரத்துக்கு ஜாமீன்

முன்மண்டையில் முடி கொட்டத் தொடங்கிவிட்ட என் வயதுக் கிழவர்களே, இருபத்தைந்தைத் தாண்டிவிட்டோம். இனி நாமும் பழங்கதை பேசலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனோமே, அங்கே பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கியிருந்த பலாச்சுளையைப் பார்த்து உங்களில் ஒருவன், "இது மரத்துல இப்புடித்தான் தனித்தனியா தொங்குமாடா?" என்று கேட்டான். பெயர் சொல்ல மாட்டேன். அவன் உம்மா இதைப் படித்தால் வருத்தப்படுவார்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. காரைக்கால்காரர்களுக்குப் பலாப்பழம் தெரியும், பலா மரம் தெரியாது. நமக்குத் தெரிந்த பலா பண்ருட்டியிலிருந்து லாரியில் வந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குவிந்து கிடப்பது. அதற்கு முன்னால் அது எங்கே தொங்கியது, எப்படிப் பூத்தது என்று நாம் விசாரித்ததே இல்லை. திருவேட்டக்குடி மீன்கார அம்மா கூடையை இறக்கினால், எந்த மீனின் வயிற்றில் சினை இருக்கிறது என்று தொட்டே சொல்லிவிடுவார் என் உம்மா. அப்பேர்ப்பட்டவரும் எங்கள் கொல்லையில் நின்ற பலா மரத்தைத் தப்பாகவே புரிந்துவைத்திருந்தார். மரம் அதனால் வெட்டுப்பட இருந்தது. அந்த மரத்துக்கு ஜாமீன் நின்றவன், பிழைக்க வந்த நாட்டில் நாம் அடைந்துகிடக்கும் இந்த அறையின் மேல் கட்டிலில் படுத்திருக்கும் நான்தான். கீழ்க் கட்டிலில் குறட்டை விடுபவனை எழுப்பிவிடுங்கள், கதை தொடங்குகிறது.

மரமும் நானும் ஒரே வயது. நான் வயிற்றில் இருந்தபோது உம்மாவுக்குப் பலாப்பழத்தின்மேல் ஆசை வந்திருக்கிறது. சூடு, கூடாது என்று எல்லோரும் தடுக்க, லீவில் வந்திருந்த வாப்பா ஒரு பழத்தைச் சாக்கில் சுற்றிக் கொல்லை வழியாகக் கொண்டுவந்தாராம். அப்போது சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த லாத்தா, அதாவது என் அக்கா, ஒரு கொட்டையைத் துப்பிய ஈரத்தோடேயே பால் பவுடர் டின்னில் புதைத்துவைத்தாள். வாப்பா சபரிலிருந்து, அதாவது வெளிநாட்டு வேலையிலிருந்து, கொண்டுவந்த டின் அது. மூடியில் சிரிக்கும் குழந்தைப் படம் இருக்கும். பலாக்கொட்டை காய்ந்துவிட்டால் முளைக்காது என்பது அவளுக்குத் தெரியாது. அவசரக் குடுக்கையாக இருந்ததால் மரம் பிழைத்தது. நான் பிறந்தபோது செடி நாலைந்து இலை விட்டிருந்ததாம். டின் துருப்பிடித்து அடி விட்டதும் அப்படியே மண்ணில் இறக்கிவிட்டார்கள்.

குட்டியாக இருந்தபோது அதன் இலைகளில் சில விரல் விரித்த மாதிரி பிளந்திருக்குமாம். வளர வளர அந்த விளையாட்டெல்லாம் போய் எல்லா இலையும் ஒழுங்காக முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. எனக்கு நினைவிருப்பது அந்த இலைதான். மேல்பக்கம் எண்ணெய் தேய்த்துவிட்ட கரும்பச்சை. கீழ்ப்பக்கம் தடவினால் பூனை நக்கினாற்போலச் சொரசொரக்கும். காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். அது சட்டையில் பட்டால் சட்டையை மறந்துவிட வேண்டியதுதான். பெருநாளைக்கு வாங்கிக் கட்டியிருக்கும் ஆடு அந்த இலைக்காகவே கயிற்றை அறுக்கும். ஒவ்வொரு கிளை நுனியிலும் இளந்தளிரை ஒரு கூரான உறை மூடியிருக்கும். தளிர் விரிந்ததும் உறை கழன்று விழுந்து, கிளையைச் சுற்றி மோதிரம் போட்ட தழும்பு நிற்கும். விழுந்த உறைகளை லாத்தா விரல்களில் மாட்டிக்கொண்டு, ஜின் வந்துவிட்டதாக என்னைத் துரத்துவாள். நானும் பயந்த மாதிரி ஓடுவேன். உண்மையிலேயே பயந்துதான் ஓடினேன் என்பதை இப்போது சொன்னால் பரவாயில்லை.

உம்மாவின் நானா, அதாவது எங்கள் மாமா, கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தார். வாப்பா சபரில் இருந்ததால் வீட்டு விவகாரம் எல்லாம் அவர் கையில்தான். கணக்கில் நான் வாங்கிய மார்க்கையும் கொல்லையில் நின்ற மரத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"ஒரே வருசத்துல ரெண்டு வந்துச்சு. ரெண்டும் உருப்படாது. மரமாச்சும் நெழலு கொடுக்குது."

மரத்தின்மேல் அவருக்கு அந்தக் கோபம் வரக் காரணம் இருந்தது. அவர் அப்படிச் சொன்னதற்கு முந்தின வருடமும், அதற்கும் முந்தின வருடமும், மழை விட்டுப் பனி இறங்கும் நேரத்தில் கிளை நுனிகளில் பிஞ்சு வைத்தது. விரல் நீளத்தில், வெளிர்பச்சையாக, குண்டு குண்டாக. உம்மா தினமும் விடியற்காலை ஃபஜ்ரு தொழுததும் கொல்லைக்குப் போய் அண்ணாந்து பார்த்து 'மாஷா அல்லா' சொல்லிவிட்டு வருவார். கொஞ்ச நாளில் பிஞ்சுகளின்மேல் மஞ்சள் தூள் படியும், லேசாக இனிப்பு வாசனை வரும். பிறகு ஒவ்வொன்றாகக் கறுத்து, பூஞ்சணம் பிடித்து, பொத் பொத்தென்று உதிரும். துடைப்பம் வைத்து அவற்றைக் கூட்டும்போது உம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

யோசனை சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம். கண்ணேறு என்றார்கள். பழைய செருப்பும் தேய்ந்த துடைப்பமும் மரத்தில் ஏறின. செருப்பில் ஒன்று என்னுடைய பள்ளிக்கூட ஷூ. அதற்கு ஜோடி இன்னும் வீட்டில் இருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் மகிழ்ச்சியாக வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனேன். மீன் கழுவிய தண்ணீரை வேரில் ஊற்றினார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கிவந்தும் ஊற்றினார்கள். மீன்கார அம்மா, "கடக்காத்து அடிக்கிற எடத்துல பலா தங்காதும்மா, வுட்டுத்தள்ளு" என்று ஒரே போடாகப் போட்டார்.

எனக்கு ஒன்பதோ பத்தோ நடந்த அந்த வருடம் லாத்தாவுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். அவள் காலேஜில் தாவரவியல் கடைசி வருடம். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நம் வீடுகளில் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருகிறார். வீடு பெண்ணுக்கு. அதனால் எல்லோரும் லாத்தாவிடம், "இந்த வூடு ஒனக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு தனி அறை வேண்டும், அதைக் கொல்லையில்தான் இழுக்க முடியும், அந்த இடத்தில் மரம் நிற்கிறது, மரம் போக வேண்டும். இதையும் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் லாத்தாவிடம் யாரும் கேட்கவில்லை.

மாமா கயிறு பிடித்து அளந்த அன்று லாத்தா அடுப்படியில் பாத்திரம் கழுவினாள். சத்தம் தெருமுனை வரை கேட்டது.

"என்னா புள்ள அது, நம்ம கடையில இருந்து கொண்டாந்த சட்டி. நசுங்கிப்புடும்" என்றார் மாமா. அதுதான் அவருக்குப் புரிந்தது.

அவரை அன்று எனக்குப் பிடிக்கவில்லை. பின்னால் மாமிதான் ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: மாமா மாப்பிள்ளையாகப் போன வீட்டில் தனி அறை இல்லை. கூடத்தில் பெட்டிக்குப் பின்னால் பாய் போட்டு, வீட்டார் எல்லோரும் எழுவதற்குள் எழுந்து, சுருட்டி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவாராம். வருடக்கணக்காக. வரப்போகும் மாப்பிள்ளைக்கு அந்தக் கதி வரக் கூடாது என்றுதான் மனுஷர் அப்படிக் கயிறு பிடித்திருக்கிறார். யாரிடமும் அதைச் சொல்லாததால், மரத்துக்கு எதிரி என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

பக்கத்து வீட்டில் ஒரு அத்தை இருந்தார். அம்பகரத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்களுக்கும் அவருக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் அவர் உலகத்தைப் பார்ப்பார்.

"ஏம்மா, மரத்த ஒரு தரம் மெரட்டிப் பாத்தீங்களா?" என்றார் உம்மாவிடம்.

"மரத்தயா?"

"ஆமா. எங்க ஊருல காய்க்காத புளிய, மாவ எல்லாம் மெரட்டுவாங்க. ஒருத்தர் கோடாலியத் தூக்கிக்கிட்டு, இது ஒண்ணுக்கும் ஆவாது, வெட்டிப்புடுறேன்னு வரணும். இன்னொருத்தர் ஓடியாந்து மறிச்சு, வேணாம், இந்த வருசம் காய்க்கும், நான் ஜாமீன்னு சொல்லணும். மரம் கேட்டுக்கிட்டே இருக்கும். பயந்து போயி காய்க்கும்."

உம்மா தயங்கினார். "மார்க்கத்துல ஆகாதுக்கா இதெல்லாம்."

"எந்தச் சாமியக் கும்புடச் சொன்னேன் இப்ப? மரத்த அதட்டச் சொல்றேன். ஒங்க மவன அதட்டுறதுக்கு யாருகிட்ட கேக்குறீங்க?"

உம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அமாவாசையில் செய்தால் நல்லது என்றார் அத்தை. அமாவாசை வேண்டாம் என்றார் உம்மா. கடைசியில் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்று இரண்டு மதத்துக்கும் பொதுவாக முடிவானது.

கோடாலிக்கு மாமா. ஜாமீனுக்கு யார் என்று வந்தபோது அத்தை என்னைக் கைகாட்டினார். "பொய்ய நெசம் மாதிரி சொல்றதுக்கு இந்தத் தெருவுல இவன வுட்டா ஆளு இல்ல." வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது. பிறகு வேறு எதுவும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கொல்லை ஈரமாக இருந்தது. மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுரக்குடி கொத்தனாரிடம் இரவல் வாங்கிய கோடாலியோடு வந்தார். வெட்கம் அவருக்கு. சுற்றிலும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"இந்த மரம் ஒண்ணுக்கும் ஆவாது. வெட்டிப்புடப் போறேன்."

"சத்தமா, பாய்" என்றார் அத்தை சுவர்மேலிருந்து. "மரத்துக்குக் காது மேல இருக்கு."

மாமா குரலை உயர்த்தினார். சொல்லச் சொல்ல அவருக்குச் சூடு பிடித்துவிட்டது. வருடாவருடம் பிஞ்சைக் காட்டி ஏமாற்றுகிறாய், என் தங்கச்சியை அழவைக்கிறாய், இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறாய் என்று நிஜமாகவே திட்டி, கோடாலியால் தண்டில் ஒரு போடு போட்டார். பட்டை கிழிந்து பால் வடிந்தது. உள்ளே மரம் மஞ்சளாக இருந்தது. லாத்தா கிணற்றடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் ஓடிப்போய் மரத்தைக் கட்டிப்பிடித்தேன். "வேணாம் மாமா, வெட்டாதீங்க. இந்த வருசம் காய்க்கும். நான் ஜாமீன்."

அத்தோடு முடிய வேண்டிய நாடகம். ஆனால் மாமா வியாபாரி. ஜாமீன் என்ற சொல் காதில் விழுந்ததும் வியாபாரம் பேசத் தொடங்கிவிட்டார்.

"சும்மா ஜாமீன்னா எப்புடி? என்னா வைக்கிறே?"

நான் அத்தையைப் பார்த்தேன். இது வழக்கத்தில் இல்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சைக்கிளு" என்றேன். வாப்பா வாங்கி அனுப்பிய சிவப்புச் சைக்கிள். அந்தத் தெருவிலேயே எனக்கு மட்டும் இருந்தது.

"சரி. முழுப்பரீட்ச லீவு முடிஞ்சு ஸ்கூலு தொறக்கறதுக்கு முந்தி கடைக்கால் தோண்டணும். அதுக்குள்ள காய்ச்சா மரம் நிக்கும், நான் வாக்கு மாற மாட்டேன். காய்க்கலன்னா மரமும் போச்சு, சைக்கிளும் போச்சு."

அன்று மாலையே சைக்கிள் அவர் கடைக்குப் போய்விட்டது. வேடிக்கைக்காக ஒரு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தருவார் என்று நினைத்தேன். பாத்திரக் கடைப் பின்சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார். உருப்படாத மரத்துக்கு உருப்படாதவன் ஜாமீன் என்று கடைக்கு வந்தவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அடுத்த வாரமே, விலை ஏறுமுன் வாங்கிவிட வேண்டும் என்று மாமா செங்கல் லோடு இறக்கினார். இறக்க வந்த ஆட்கள் நிழலைப் பார்த்தார்கள். மரத்தண்டைச் சுற்றி நெஞ்சளவுக்கு அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கோடாலி வெட்டும் உள்ளே மறைந்துபோனது.

வழக்கம்போல் கிளை நுனிகளில் பிஞ்சு வைத்தது. வழக்கம்போல் தூள் பூத்தது. வழக்கம்போல் கறுத்து விழத் தொடங்கியது. ஜாமீன்தாரனுக்குத் தூக்கம் போயிற்று. மாமா வரும் நாளில் மரத்தில் பிஞ்சு இருந்தாக வேண்டும். எனவே நான் விழுந்தவற்றில் அதிகம் கறுக்காததைப் பொறுக்கி, தையல் நூலால் மறுபடி கிளையில் கட்டத் தொடங்கினேன். நல்ல வேலைப்பாடு. தூரத்திலிருந்து பார்த்தால் சத்தியமாகத் தெரியாது. லாத்தாவின் தாவணிக்கென்று வைத்திருந்த பச்சை நூல் அது என்பதால்தான் மாட்டிக்கொண்டேன்.

"எறங்குடா கீழ. என்னா பண்றே?"

"வேல."

"கையில என்னா மஞ்சளா?"

கை நிறைய மஞ்சள் தூள். பையிலிருந்த பிஞ்சைப் பிடுங்கிப் பார்த்தவள், கிணற்றடியில் உட்கார்ந்து அரிவாள்மனையில் அதை நீளவாக்கில் அறுத்தாள். உள்ளே கொட்டை இல்லை. கொட்டை வரப்போகும் குழிகூட இல்லை. வெள்ளையாக ஒரு தண்டு, அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக நெருக்கியடித்த தூசிப் பைகள். லாத்தா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

"இது பிஞ்சே இல்லடா. பூ. ஆம்பளப் பூங்கொத்து. போன வருசம் பிராக்டிகல்ல இத வரைஞ்சிருக்கேன்டா நான். முழு மார்க்கு."

"பெறவு ஏன் உம்மாவோட சேந்து நீயும் அழுதே?"

காலேஜில் வரைந்தது வேறு மரம், கொல்லையில் நிற்பது வேறு மரம் என்று நினைத்திருக்கிறாள். படிப்பின்மேல் எனக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் அன்றோடு போனது, பத்தாவதில் நான் பட்ட கஷ்டங்களுக்கு அதுவே மூலம்.

அன்று மத்தியானமே அவள் எல்லோரையும் கூட்டினாள். ஒரே மரத்தில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூ கிளை நுனியில் வரும், தூள் தூவும், கறுத்து உதிரும். உதிர்வதுதான் அதன் வேலை. பெண் பூ தண்டில், தடித்த கிளையில், கனமான காம்போடு வரும். அந்தக் காம்பு ஒரு மூட்டையைத் தாங்க வேண்டுமே. இளம் மரத்தில் முதல் ஒன்றிரண்டு வருடம் ஆண் பூ மட்டும் வரும், பெண் பூ பின்னால் வரும்.

"படிச்ச புள்ள என்னமோ சொல்லுது" என்றார் அத்தை. "பப்பாளியில ஆணு உண்டு, பொண்ணு உண்டு. பனையில உண்டு. ஆனா அது வேற வேற மரம். ஒரே மரத்துல ரெண்டுமா?"

"ஒரே வூட்டுல ரெண்டும் இல்லையா அத்தை?"

அத்தை வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

உம்மா அறுத்துவைத்த பூவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "வருது, ரெண்டு மாசம் வாசனையா இருக்குது, பெறவு போயிடுது. இதுவும் சபராளிதானா" என்றார். எல்லோரும் சிரித்தோம். உம்மாவும் சிரித்துவிட்டு எழுந்து உள்ளே போனார். வாப்பாவும் இரண்டு மாத லீவுக்கு வந்துவிட்டுப் போகிறவர்தான். எனக்கு அன்றைக்கு அது வெறும் நக்கல். இந்தக் கட்டிலில் படுத்து மோட்டுவளையைப் பார்க்கும்போதுதான் உம்மா ஏன் உள்ளே போனார் என்று விளங்குகிறது.

மாமா மட்டும் அசையவில்லை. "சரிம்மா. ஆம்பளப் பூவ காட்டிட்டே. பொம்பளப் பூ எங்க?"

அதுதான் சிக்கல். தேடினோம். செங்கல்லுக்கு மேலே தெரிந்த தண்டிலும் கிளைகளிலும் ஒன்றுமில்லை. செங்கல் இடுக்கில் கைவிடப் பார்த்தேன். தேள் இருக்கும் என்று உம்மா முதுகில் ஒன்று வைத்தார். இந்த வருடமும் ஆண் பூ மட்டும்தான் போலிருக்கிறது, அடுத்த வருடம் நிச்சயம் வரும் என்றாள் லாத்தா. அடுத்த வருடம் மரம் நின்றால்தானே.

வெயில் காலம் வந்தது. முழுப் பரீட்சை முடிந்தது. நான் தினமும் கடைக்குப் போய் ஆணியில் தொங்கும் சைக்கிளின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். மாமா கணக்கு எழுதுவதாகப் பாவனை செய்வார்.

மே மாதக் கடைசியில் வீட்டில் ஒரு வாசனை கிளம்பியது. முதலில் உம்மா என் பையைச் சோதித்தார். பிறகு கட்டிலுக்கு அடியில். "லாரியில இருந்து பழம் தூக்கிட்டு வந்தியாடா? உண்மையச் சொல்லு." நான் சத்தியம் செய்தேன். நான் சத்தியம் செய்தால் உம்மாவின் சந்தேகம் உறுதியாகிவிடும். சுவருக்கு அந்தப்பக்கம் அத்தை, "எங்களுக்குக் குடுக்காம திங்கிறீங்களே, வயிறு வலிக்கும்" என்றார். உம்மாவோ, அத்தை வீட்டில்தான் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். இரண்டு வீடும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டு நாலு நாள் முகர்ந்தபடி திரிந்தது. லாத்தா மட்டும் கொல்லைப் படியில் உட்கார்ந்து மரத்தையே அளப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்கால் தோண்டும் நாள். மாமா கொத்தனாரோடும் இரண்டு ஆட்களோடும் வந்தார். கொல்லையில் காலை வைத்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"எவன்டா பலாப்பழம் வாங்குனது?"

கொத்தனார் முதலில் செங்கல்லை எடுத்து மதிலோரம் அடுக்கச் சொன்னார். ஆட்கள் மேல் வரிசையை எடுத்தார்கள். இரண்டாவது வரிசை. ஈ பறந்தது. எறும்பு ஒரு கோடாகப் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் உயரத்துக்கு வந்ததும் ஆள் ஒருவர் கையை உதறினார்.

"என்னமோ முள்ளு குத்துதுங்க."

மாமா குனிந்தார். நான் அவர் கைக்கு அடியில் புகுந்து பார்த்தேன். கோடாலி வெட்டின தழும்புக்குச் சற்றுக் கீழே, என் மணிக்கட்டுக் கனமுள்ள காம்பில், ஒரு பலாப்பழம். தண்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவே இடமில்லாமல் வளர்ந்ததால் ஒரு பக்கம் தட்டையாக, செங்கல் அடுக்கின வரி வரியாக அச்சு விழுந்து, சந்தனமும் பச்சையும் கலந்த நிறத்தில் வெடிக்கக் காத்திருந்தது. அதைப் போலக் கோணல் பழத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை சுவர்மேலிருந்து மெதுவாகச் சொன்னார்:

"பாய். வாக்கு."

மாமா பழத்தின் தட்டையான பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. "வாக்கு வாக்குதான்" என்றார். "ஆனா மாப்புளைக்கு ரூமு?"

லாத்தா படியிலிருந்து இறங்கி வந்தாள். "மாமா, இந்த வூடு எனக்குன்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா புள்ள."

"அப்ப செவுரு எங்க வரணும்னு நான் சொல்றேன்."

கையில் இருந்த சுண்ணாம்புக் கட்டியால் மண்ணில் கோடு போட்டாள். கோடு நேராக வந்து, மரத்துக்கு முன்னால் உள்வாங்கி, சுற்றி, மறுபடி நேராகப் போனது. முன்பே மனசுக்குள் போட்டு வைத்திருந்த கோடு என்பது பார்த்ததும் தெரிந்தது. இத்தனை மாதம் அவளிடம் யாராவது கேட்டிருந்தால் அன்றே போட்டிருப்பாள்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "கோணயா வருங்க. கட்டிலு போட எடம் பத்தாது."

"சின்னக் கட்டிலா வாங்கிக்கிறோம்" என்றாள் லாத்தா.

கல்யாணம் ஆகாத பெண் மாமா முன்னால், கொத்தனார் முன்னால் கட்டிலைப் பற்றிப் பேசிவிட்டாள். அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. முகம் சிவந்து உள்ளே ஓடினாள். உம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். அத்தை சிரித்த சிரிப்பில் சுவர் இடிந்துவிடும் போலிருந்தது. மாமா வேறு பக்கம் திரும்பி, "கோட்டுப்படியே தோண்டுங்க" என்றார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

பழத்தை உம்மா கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவி அறுத்தார். லாத்தா கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, வெட்கத்தை மறைக்க மறுபடி பாடம் எடுத்தாள். தோலில் இருக்கும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவாம். தூள் விழுந்த பூ சுளை ஆகும். விழாத பூ வெறும் நாராய், சடையாக நின்றுவிடும். அந்தப் பழம் அதற்குச் சாட்சி. செங்கல் அடைத்த பக்கம் முழுக்கச் சடை. திறந்த பக்கம் மட்டும் சுளை. குறைவுதான், ஆனால் அப்படி ஒரு இனிப்பு. முதல் தட்டு சுவர்மேல் வழியாக அத்தைக்குப் போனது. இரண்டாவது மாப்பிள்ளை வீட்டுக்கு. மாமா ஒரு சுளை தின்றார், பிறகு யாரும் தின்னாத சடையையும் எடுத்துத் தின்றார். ஒரு கொட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன்.

"மாமா, சைக்கிளு?"

"ஒரு பழம் வந்தா போதுமா? வருசா வருசம் வரணும். ஜாமீன் இன்னும் முடியலடா."

அநியாயம்தான். ஆனால் அடுத்த லீவில் வாப்பா பெரிய சைக்கிளோடு வந்துவிட்டார். சிவப்புச் சைக்கிள் ஆணியிலேயே தங்கிவிட்டது.

கோணல் அறை இன்றும் இருக்கிறது. மச்சான் அதில் சின்னக் கட்டிலில்தான் படுக்கிறார், புகார் இல்லை. மரம் வயதாக ஆகத் தாழக் காய்க்கிறது. போன வருடம் ஒரு பழம் மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் படத்தை லாத்தா அனுப்பினாள். இன்னும் கொஞ்ச வருடம் போனால் வேரிலேயே, மண்ணுக்குள்ளேயே காய்க்குமாம். தரை வெடித்து வாசனை வந்தால்தான் தெரியுமாம்.

இதை எழுதத் தூண்டியது சூப்பர் மார்க்கெட் சுளை மட்டுமல்ல. நேற்று மாமா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். முழங்கால் மடங்குவதில்லை, குரல் மட்டும் அப்படியே. அன்று பையில் போட்ட கொட்டையைக் காயவிட்டுத்தான் நட்டிருக்கிறார், முளைக்கவில்லை. பிறகு எங்கள் மரம் காய்த்த ஒவ்வொரு வருடமும் யாருக்கும் தெரியாமல் ஒரு கொட்டை. கடைக்குப் பின்னால் கிணற்றடியில் கடைசியில் ஒன்று பிழைத்து, இப்போது மாடி உயரம் நிற்கிறதாம்.

"டேய், கறுப்பு கறுப்பா உதிருதுடா" என்றார்.

"ஆம்பளப் பூ மாமா."

"அது எனக்குத் தெரியும். ஒங்க மாமி கோடாலி எடுக்கச் சொல்றா. நான் மாட்டேன்னுட்டேன். பொம்பளப் பூ எப்ப வரும்?"

"ஒண்ணு ரெண்டு வருசத்துல வந்துரும்."

"வருமா?"

"வரும் மாமா. நான் ஜாமீன்."

பின்னால் கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்க்கும் ஓசை கேட்டது.

"சும்மா ஜாமீன்னா எப்புடி? என்னா வைக்கிறே?"

"சைக்கிளுதான் ஒங்ககிட்டயே இருக்கே மாமா" என்றேன்.